யாருடைய பயம்

இக்கரைத் தூதர் தில்லைநாயகி காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். அதில் பாதி, அக்கரைத் தூதர் சவரிமுத்துவின் பயம்.

ஆற்றின் இரு கரை ஊர்களும் சண்டையைத் தவிர்க்கச் செய்துகொண்ட ஏற்பாடு அது. இரண்டு ஊர்த் தூதர்களின் மார்பிலும் ‘நெஞ்சிணை’ என்ற சின்ன வில்லையை ஒட்டிவிட்டார்கள். இவள் நெஞ்சில் எழுவது அவர் நெஞ்சிலும் எழும். அப்புறம் பொய்யேது, சூதேது? பேச்சுவார்த்தையில் பேச்சே அற்றுப்போயிற்று. நாயகி பிறப்பதற்கு முன்பிருந்தே இந்த ஏற்பாடுதான்.

அதற்கும் முந்தைய காலத்துச் சனியன் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அக்கரை மதகைத் திறக்கும் விசை இக்கரையில். இக்கரை மதகின் விசை அக்கரையில். வெள்ளம் வந்தால் எதிர்க்கரை மதகை முந்தித் திறந்து தண்ணீரை அங்கே திருப்புகிற ஊர் பிழைக்கும், மற்றது முழுகும்.

இன்று புயல். ஆறு கரையை முட்டிக்கொண்டு ஓடியது.

காலையில் நாயகி பயந்ததோ மகளுக்காக. பிரசவம் சிக்கலாகியிருந்தது. அந்தப் பயம் மட்டும், காரணம் இல்லாமல், சவரிமுத்துவிடம் போயிற்று. மதகைத் திறக்கத்தான் இவள் படபடக்கிறாள் என்று அவர் நடுங்கினார். அந்த நடுக்கம் இவளிடம் திரும்பி வந்தது. தாயும் சேயும் நலம் என்று சேதி வந்த பிறகும் பயம் இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போயிற்று. விசை அறையிலிருந்து அவரைக் கைபேசியில் அழைத்தாள்.

“அண்ணே, எதுக்கு இப்படிப் பயப்படுறீங்க?”

“நீங்க பயப்படுறீங்களே தங்கச்சி, அதான்.”

“நான் மகளுக்காகப் பயந்தேன். அது முடிஞ்சுபோச்சு. இப்ப இருக்கிறது உங்க பயம்.”

“என்னுது இல்லம்மா. உங்களுது.”

இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள். சிரிப்பு வரவில்லை.

“கழட்டிருவோமா?” என்றார் சவரிமுத்து. “இதை வச்சிருந்தா ரெண்டு ஊரும் போயிரும்.”

ஒரே நேரத்தில் வில்லைகளைக் கழற்றினார்கள். நாயகியின் நெஞ்சில் பாதி இடம் காலியானது. அந்தக் காலியிடம்தான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

“மதகைத் தொட மாட்டேன் தங்கச்சி. சத்தியம்.”

வார்த்தை மட்டும் வந்தது. அக்கரையின் வெறும் வார்த்தையை எப்படி நம்புவதென்று அவளுக்குத் தெரியாது, இதுவரை தேவைப்பட்டதேயில்லை. குரல் நல்ல குரல்தான். நல்ல குரலில் பொய் சொல்ல முடியாதா என்ன?

“நானும் தொட மாட்டேண்ணே,” என்றாள். சொல்லும்போதே கை விசைமேல் இருந்தது. தானே இப்படியென்றால் அவர் மட்டும் எப்படி இருப்பார்? மகளும் பிறந்த பிள்ளையும் இந்தக் கரையில்தான் படுத்திருந்தார்கள். அழுத்திவிட்டாள்.

எதிரே பெரும் இரைச்சல் எழுந்தது. இதோ தன் கரை மதகும் திறக்கப்போகிறது என்று காத்து நின்றாள். திறக்கவில்லை.

“தங்கச்சி, லைன்ல இருக்கீங்களா?” மழைக்கு நடுவே சவரிமுத்து கத்தினார். “என் கையை நானே நம்பல. அதான் விசை ரூமைப் பூட்டிச் சாவியை ஆத்துல எறிஞ்சிட்டு வெளிய வந்துட்டேன். நீங்களும் வெளிய வந்துருங்க. ஆமா, அது என்ன சத்தம்?”