பதினொன்று ஐந்து முத்திரை

செவ்வாய்க்கிழமை, காலை 9.40. காப்பீட்டு நிறுவனத்தின் இரண்டாம் மாடியில், வரும் கடிதங்களுக்கு நேர முத்திரை குத்திப் பதிவேட்டில் எழுதும் முத்திரை அக்கா தன் மேசையைக் கவிழ்க்காத குறையாகத் தேடிக்கொண்டிருந்தார். இழுப்பறை, கோப்பு அலமாரி, குப்பைக்கூடை, மேசைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கடிதம் கிடைக்கவில்லை.

கடிதத்தின் விலை ஒரு கப்பல். முந்தின நாள் பிற்பகல் 3.10-க்கு எண்ணெய் டேங்கர் ஒன்று கடலில் கண்ணிவெடியில் மோதித் தீப்பிடித்தது. ஆட்கள் தப்பித்தார்கள், கப்பல் தப்பவில்லை. ஆபத்தான பகுதி என்று அந்தக் கடலுக்கு வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டிருந்தது. வருடாந்திரக் காப்பீடு கோட்டோடு நின்றுவிடும். அதற்கப்பால் போக வேண்டுமானால், கூடுதல் பிரீமியம் கட்டச் சம்மதம் என்ற கடிதம் முன்கூட்டியே நிறுவனத்தின் கைக்கு வந்தாக வேண்டும். கப்பல் கோட்டைத் தாண்டியது 1 மணிக்கு.

“நான் பதினொன்னு அஞ்சுக்கே குடுத்துட்டேன்,” என்றார் கப்பல்காரர்களின் தரகர். மடிப்புக் கலையாத சட்டை, மடிப்புக் கலையாத முகம். கையில் கடிதத்தின் நகல். அதில் முத்திரை அக்காவின் முத்திரை பளிச்சென்று இருந்தது: திங்கள், 11.05.

அக்காவின் பதிவேட்டில் அப்படி ஒரு வரி இல்லை.

“முத்திரை நம்மளோடது, மை நம்மளோடது,” என்றார் மேலாளர். “கம்பெனி பணம் குடுத்துத்தான் ஆகணும். கடுதாசியத் தொலைச்சிருந்தா உங்க வேலை போகும். ஒளிச்சிருந்தா ஜெயிலு. சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்கம்மா.”

பதினெட்டு வருடச் சர்வீஸ். வீட்டில் சம்பாதிக்கும் ஆள் அவர் ஒருவர்தான். அழுதால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடுமோ என்று பயந்து அழாமல் நின்றார்.

10.30. நிறுவனத்தின் நஷ்ட ஆய்வாளர் வந்தார். எந்தத் தாளையும் வரிவரியாக ஊர்ந்து படிப்பவர் என்பதால் அவருக்கு எறும்பு என்று பட்டப்பெயர். அவருக்கும் தெரியும், கோபித்துக்கொண்டதில்லை.

“நேத்து பதினோரு மணிக்குக் கூட்டமாம்மா?”

“கூட்டம்தான் சார். ஆனா இவர் வரல.”

“அப்புறம்?”

“நாலு மணிக்கு வந்தார். ஏதோ விண்ணப்பப் படிவம் வேணும்னார். உள்ள போய் எடுத்துட்டு வந்து குடுத்தேன்.”

“முத்திரை எங்க இருந்துச்சு?”

“மேசை மேல. எப்பவும் அங்கதான் சார் இருக்கும்.”

எறும்பு முத்திரையை எடுத்தார். மணியையும் நிமிடத்தையும் காட்டும் சின்னச் சக்கரங்கள் விரலுக்குச் சுலபமாகத் திரும்பின.

“நான் திருப்பி வெச்சேன்னு சொல்றீங்களா?” தரகர் சிரித்தார். “நிரூபிங்க சார்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முத்திரையைத் திருப்ப முடியும் என்பது, திருப்பினார் என்பதற்குச் சாட்சி ஆகாது.

எறும்பு கடிதத்தின் மேல் ஊர ஆரம்பித்தார். சரக்கு: கச்சா எண்ணெய். கோட்டுக்குள் தங்கும் காலம்: ஏழு நாள். கப்பலில் ஆட்கள்: இருபத்துமூன்று. கூடுதல் பிரீமியம்: கப்பல் மதிப்பில் நூற்றுக்கு அரை.

“மீட்புப் படகு எத்தனை பேர ஏத்துச்சு?”

“இருபத்துமூணு பேர்,” என்றார் மேலாளர். “ஒருத்தருக்கும் பெரிய காயமில்ல. எல்லாம் சரியாத்தான சார் இருக்கு?”

“சரியாத்தான் இருக்கு. கப்பல் கடிகாரமும் நம்ம கடிகாரமும் ஒரே நேரமா?”

“ஒரே நேரம்தான்.”

11.15. டீ வந்தது. டீயோடு சிரிப்பும் வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் கப்பல் நங்கூரம் போட்டிருந்தபோது, சமையல்காரர் மூட்டை முடிச்சோடு, குடிநீர் கொண்டுவந்த படகில் ஏறிக் கரைக்கு வந்துவிட்டாராம். ஆபத்துக் கடலுக்கு வரமாட்டேன் என்று சொல்லக் கப்பல் ஊழியருக்கு உரிமை உண்டு. ஆனாலும் துறைமுகம் முழுக்க அவரைப் பயந்தாங்கொள்ளி என்றே பேசியது. இங்கேயும் எல்லோரும் சிரித்தார்கள். எறும்பு மட்டும் டீயைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சமையல்காரரின் எண் வேண்டும் என்றார்.

மூன்று போன் பேசினார்: சமையல்காரரிடம், கேப்டனிடம், கப்பல் முதலாளியின் அலுவலகத்தில்.

பகல் 12.50. தரகரை மறுபடி உட்கார வைத்தார்.

“கடுதாசி டைப் அடிச்சது யாரு?”

“நானேதான். பத்தரைக்கு.”

“ஆட்கள் எண்ணிக்கை எங்கிருந்து எடுத்தீங்க?”

“கப்பல்லேர்ந்து வந்த பட்டியலப் பார்த்துத்தான். எப்பவும் கடைசியா வந்ததத்தான் பார்ப்பேன். அதுல ஒரு தப்பும் இருக்காது.”

“தப்பில்ல. சரியா இருக்கு. அதுதான் உங்களுக்கு வினை.” எறும்பு கடிதத்தைத் திருப்பி வைத்தார். “காலையில கப்பல்ல இருந்தது இருபத்துநாலு பேர். சமையல்காரர் படகுல எறங்கினது பன்னெண்டு பத்துக்கு. திருத்தின பட்டியல் உங்களுக்கு வந்தது பன்னெண்டரைக்கு. பத்தரைக்கு நீங்க எப்படி இருபத்துமூணுன்னு அடிச்சீங்க?”

“அவர் எறங்கப் போறது... முன்னாடியே...”

“கேப்டனுக்கே தெரியாது. கோட்டத் தாண்டுற கப்பல்ல, கடற்கொள்ளைக்காரங்கள ஏமாத்த, காவலுக்கு ஆள் நிக்கிற மாதிரி பொம்மை கட்டி வெப்பாங்க. பதினொன்னு அம்பதுக்கு அந்தப் பொம்மைங்கள நிறுத்தினாங்க. அதுல ஒண்ணுக்கு இவரோட பழைய சட்டை. ‘எனக்குப் பதிலா அதுவே நிக்கட்டும்’னு அப்பத்தான் மூட்டையக் கட்டியிருக்கார். பதினொன்னு அஞ்சுக்கு அந்தச் சமையல்காரருக்கே தெரியாததுய்யா, உங்க கடுதாசிக்குத் தெரிஞ்சிருக்கு!”

தரகரின் முகத்தில் முதல் மடிப்பு விழுந்தது.

“கூடுதல் பிரீமியம் ரேட் மத்தியானம் எறங்கும்னு பேச்சு இருந்துச்சு,” என்றார் கடைசியில். “கொஞ்சம் காத்திருந்தேன். கப்பல் கோட்டத் தாண்டினதக் கவனிக்கல. வெடிச்ச சேதி வந்ததும் கை கால் ஓடல சார். அப்பத்தான் கடுதாசிய அடிச்சு எடுத்துட்டு வந்து, அந்தம்மா உள்ள போன நேரத்துல நானே குத்திட்டேன். அந்தம்மா மேல எனக்கு ஒரு விரோதமும் இல்ல.”

விரோதம் இல்லாமலே ஒருத்தியின் பதினெட்டு வருடத்தை அழிக்கத் துணிந்தவர் அவர்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். “சீட்ல போய் உக்காருங்கம்மா.” மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அக்காவும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

“சார், அந்தச் சமையல்காரர் நம்பர் குடுங்க.”

மறுமுனையில் எடுத்ததும் சலித்த குரல். “நீங்களும் கேலி பண்ணத்தான் கூப்பிட்டீங்களா?”

“இல்லண்ணே. நீங்க பயந்ததால என் வேலை பொழச்சுது. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

நடந்ததை அக்கா ஒன்றுவிடாமல் சொன்னார்.

“அந்தப் பொம்மை என்னம்மா ஆச்சு?”

“எரிஞ்சுபோச்சாம்ண்ணே.”

“ம்... நல்ல சட்டை.”

அக்கா சிரித்துவிட்டார். போனை வைத்தார். முத்திரையை இழுப்பறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். கண்ணைத் துடைத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.