மாறிய ஆவணம்: ஒன்று

இரண்டு கிழமையாகத் தனுசியா அந்த மடிக்கணினியில் ஓர் ஆவணத்தையும் தொடவில்லை. அப்படியிருக்க, பகல் ஒரு மணிக்கு ஓடி முடிந்த பேக்கப், ‘மாறிய ஆவணம்: 1’ என்று காட்டி நின்றது.

இந்திய அகதி முகாமிலிருந்து பேசாலைக்குத் திரும்பிய நாள் முதல் ஒவ்வொரு துண்டுக் காகிதத்துக்கும் அரச கந்தோர் கந்தோராக அலைந்து நொந்தவள் அவள். இனி ஒன்றும் தொலையக்கூடாது என்று குடும்பத்தின் பத்திரங்களையெல்லாம் படமெடுத்துக் கணினியில் அடுக்கி, மாறியதை மட்டும் தினமும் தானாகவே ஹாட் டிஸ்க்கில் பிரதியெடுக்கச் செய்திருந்தாள். பத்திரம் எங்கே மாறப்போகிறது? எண்ணிக்கை எப்போதும் சைபர்தான்.

மாறியிருந்தது அவளுடைய பிறப்புச் சான்றிதழ். சோளகக் காற்று கூரைத் தகரத்தைப் பிறாண்ட, வெயிலில் காயும் கருவாட்டு வாடை யன்னலால் வந்து தொண்டையில் ஒட்ட, பழைய பிரதியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புதியதில் தாள் முழுக்க ஈரம் ஊறி, மை கலங்கியிருந்தது. ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் மூலத்தாள் மொரமொரவென்று காய்ந்து கிடந்தது. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் அடையாள அட்டை. அதிலிருந்த படத்தில் அவளுடைய சாயலில் வேறொருத்தி, தலைமுடி தண்ணீர் சொட்டச் சொட்ட. அதற்கடுத்த நாள் விவாகச் சான்றிதழ். கையெழுத்து அவளுடையதல்ல.

தாய் மாக்கிறட்டுக்குப் போன் எடுத்தாள்.

“அம்மா, என்ர அட்டையில வேற ஒருத்தி நிக்கிறாள். என்னைப் போலவே இருக்கிறாள்.”



“உனக்கு ஒரு அக்கா இருந்தவள்,” என்றாள் தாய். “தொண்ணூறில இந்தியாவுக்கு வள்ளத்தில போகேக்க கடலுக்க விழுந்திட்டாள். மூண்டு வயசு. பிறகுதான் நீ முகாமில பிறந்தனி. அவளின்ர பேரையே உனக்கு வைச்சன். திரும்பி வரேக்க கையில இருந்ததும் அவளின்ர பத்திரம்தான், பிள்ளை.”

தனுசியா போனை வைத்தாள். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வருகிறாள். பிறப்பு. அட்டை. கல்யாணம். மிச்சம் ஒன்றுதான்: ஆறு வயது மகள் ஜெனிஸ்ராவின் சான்றிதழ். தாயின் பெயர் என்ற இடத்தில் தனுசியா என்றிருந்தது. அது யாருடைய பெயர்?

சனிக்கிழமை காலையே பேக்கப்பை அழித்தாள். ஹாட் டிஸ்க்கைப் பிடுங்கினாள். பற்றரியையும் கழற்றி மேசையில் வைத்தாள். என்ர பிள்ளையைக் குடுக்க மாட்டன், குடுக்கவே மாட்டன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு கதிரையில் இருந்தாள். அறைக்குள் பிள்ளை பென்சிலால் படம் கீறிக்கொண்டிருந்தது.

ஒரு மணி.

செத்த திரை வெளித்தது.

மாறிய ஆவணம்: 1.

“ஜெனிஸ்ரா!”

 கூரையில் காற்றுச் சத்தம் நின்றுபோயிருந்தது. அறைக்குள் மெல்லிய சிரிப்பு.

எழுந்து ஓடினாள். வாசற்படியில் கால் வழுக்கியது. தண்ணீர். கடல் வாடை.

கட்டிலில் மகள் இருந்தாள், ஈரச் சேலை கட்டிய ஒருத்தியின் மடியில். வெளிறி ஊறிய விரல்கள் பிள்ளையின் தலையை மெதுவாக வாரிக்கொண்டிருந்தன.

பிள்ளை நிமிர்ந்து தனுசியாவைப் பார்த்தாள். பயந்துபோய் அந்த ஈர நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“அம்மா, வாசலில நிக்கிற அவ ஆர்?”