சத்தமில்லாத தெருவில் ஓர் அலறல்

"ஐயோ... கொல்றானே!"

அலறல் வயல் பக்கமிருந்து வந்தது.

பெண் குரல். உயிர் போகிற குரல்!

ஜாஃபர் சாதிக்கின் கையிலிருந்த டீ கிளாஸ் நழுவி, புதுவீட்டின் புது டைல்ஸில் விழுந்து சிதறியது.

"யாராவது வாங்களேன்... என்னைக் கொல்றானே!"

அப்புறம்... அமைதி.

அமைதி என்றால் சும்மா கிடைத்த அமைதி இல்லை. ஷார்ஜாவில் ஒரு ஜெனரேட்டர் ரூமுக்குள் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து, திருத்துறைப்பூண்டியைச் சுற்றி அலையாய் அலைந்து, நேற்று சாயங்காலம்தான் ஜாஃபர் குடிவந்திருந்த அமைதி.

அவர் ஜன்னலைத் திறந்தார்.

தை மாத வெயிலில் சம்பா வயல் தலை சாய்ந்து நின்றது. நடுவே ஒரு மோட்டார் கொட்டகை. கதவில் பெரிய பூட்டு. மனித நடமாட்டமே இல்லை.

தெருவில் பால்காரர் சைக்கிளில் போனார். அவர் காதிலும் அந்த அலறல் விழுந்திருக்க வேண்டும். ஆனால் மனிதர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பெல் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஜாஃபர் ஜன்னலைப் பாதி சாத்தினார்.

ஒரு கொலை நடக்கிறது... ஊரே கண்டுகொள்ளாமல் இருக்கிறது!

செல்போன் அலறியது. ஜாஃபரும் கூடவே அலறினார்.

ஷமீரா. அவருடைய மனைவி. கொலையைவிடப் பெரிய சமாசாரம்.

ஷமீராவுக்குத் தலைவலி. மருந்து மாத்திரைக்கு மசியாத தலைவலி. சத்தம்தான் காரணம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைத்தெரு வீட்டுக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபம். அதை விட்டு ஓடிவந்த வீட்டுக்குப் பின்னால் மாவு மில். அதற்கடுத்து ஒரு வீடு, ஊசி விழுந்தால் கேட்கும் என்று ஜாஃபர் சத்தியம் செய்து கூட்டிப்போனார். அவர் அதைப் பார்த்தது மே மாத லீவில். ஜூன் மாதம் எதிரே பள்ளிக்கூடம் திறந்தது.

அன்றைக்குப் பெட்டியைக் கட்டியவள்தான் ஷமீரா. திருப்பனந்தாளில் தங்கை அனீஸா வீட்டில் இருக்கிறாள். ஒருநாள் முழுசாகத் தூங்கி எழுகிற மாதிரி ஒரு வீடு கிடைத்தால் வருகிறேன், இந்தத் தடவையும் ஏமாந்தால் திரும்பவே மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னாள். அதுதான் ஜாஃபருக்குப் பயம்.

"பஸ் ஏறிட்டேங்க. சாயங்காலம் வந்துடுவேன்" என்றாள் ஷமீரா. "வீடு நெஜமாவே அமைதியா இருக்கா?"

"அமைதின்னா அப்படி ஒரு அமைதி..."

"ஐயோ... கொல்றானே!"

"என்னங்க சத்தம் அது?"

"டிவி."

"டிவி இன்னும் மாட்டலைன்னு நேத்துதானே சொன்னீங்க?"

சிக்னல் இல்லை, கேட்கவில்லை என்று நாலு முறை ஹலோ சொல்லி ஜாஃபர் போனை வைத்தார்.

அவள் வந்து சேருவதற்குள் இந்தக் கொலைக்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும்!

*

வயலுக்குச் சொந்தக்காரர் காத்தான். அடுத்த வீடு. வரப்பில் நின்று அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

ஜாஃபர் நாலடி தள்ளியே நின்றார். காத்தானின் வாயெல்லாம் சிவப்பு. வெற்றிலைதான் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார்.

"அண்ணே... இங்க ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

"நம்ம தெருவுல ஏது பாய் சத்தம்?" காத்தான் அரிவாளின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"வீட்டுல அக்கா இல்லையா?"

காத்தானின் கண்கள் மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்த் திரும்பின.

"அம்சமா? போயிட்டா பாய்."

"போயிட்டாங்கன்னா...?"

"போயிட்டா. ஆனா ஒண்ணு சொல்றேன். ஆளு இல்லேன்னாலும் இந்த வயலு அவளாலதான் பொழைக்குது."

ஜாஃபர் வயலைப் பார்த்தார். பயிர் கொழுகொழுவென்று இருந்தது. உரம் நன்றாகப் போட்டிருப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தவர், என்ன உரம் என்று நினைத்த மாத்திரத்தில்... வீட்டுக்கு ஓடினார்!

கதவைத் தாழிட்டுக்கொண்டு போலீசுக்குப் போன் போட்டார்.

*

ஜீப் வந்தது.

முதலில் இறங்கியவர் சப்-இன்ஸ்பெக்டர் செம்மொழி. அப்பா ஆசைப்பட்டு வைத்த பேர். அம்மணி வாயைத் திறந்தால் அந்தப் பேருக்கும் அவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பின்னால் கான்ஸ்டபிள் மதிவாணன்.

ஜாஃபர் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அலறல், அரிவாள், பூட்டு, உரம். கடைசி ஐட்டத்தில் மட்டும் செம்மொழி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதற்குள் காத்தான் வயலின் மறுகோடிக்குப் போய்விட்டிருந்தார். மூன்று பேரும் வரப்பில் இறங்கினார்கள். கொட்டகையை நெருங்க நெருங்க ஜாஃபர் மதிவாணனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். உள்ளே ஏதோ 'ங்ர்ர்ர்' என்று உறுமிக்கொண்டிருந்தது.

செம்மொழி கையைக் காட்டினார். மதிவாணன் ஒரு கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தார்.

கதவு திறந்தது.

உள்ளே... இருட்டு.

மதிவாணன் தலையை நீட்டினார்.

"ஐயோ... கொல்றானே!"

மதிவாணன் வாய்க்காலில் விழுந்தார்!

செம்மொழி விழவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு பழைய கார் பேட்டரி. அதோடு இணைத்த, உறுமிக்கொண்டிருந்த ஒரு ஆம்ப்ளிஃபயர். அதில் சின்னதாக ஒரு மெமரி கார்டு. வயர் மேலே ஏறி, கூரைக் கீற்றுக்குள் ஒளிந்திருந்த புனல் ஸ்பீக்கரில் முடிந்தது.

"யாராவது வாங்களேன்..." என்றது ஸ்பீக்கர்.

"வந்துட்டோம்மா" என்று வயரைப் பிடுங்கினார் செம்மொழி.

சத்தம் கேட்டு ஓடிவந்த காத்தான் தலையில் கைவைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்ன கதை இதுதான். கதிர் பால் பிடித்ததும் மயில்கள் வந்துவிடும். அது தேசியப் பறவை, ஒரு இறகைத் தொட்டாலும் ஜெயில். விரட்டத்தான் முடியும். நாய் குரைக்கிற சத்தத்தைப் போட்டுப் பார்த்தார். வெடிச் சத்தத்தைப் போட்டுப் பார்த்தார். தானே கத்திப் பதிவு செய்து போட்டார், மயில்கள் வட்டமாக நின்று கேட்டன. கடைசியில் மனைவி அம்சத்தை உயிர் போகிற மாதிரி ஒரு தடவை கத்தச் சொன்னார். அவ்வளவுதான்! அதற்கப்புறம் ஒரு மயில் இந்தத் தெருவுக்குள் கால் வைக்கவில்லை.

"நான் வீடு பார்க்க வந்தப்ப இதெல்லாம் இல்லையே" என்றார் ஜாஃபர்.

"நீங்க வந்தது நடவு முடிஞ்சப்ப பாய். பச்சைப் பயிரை மயிலு என்ன பண்ணும்? எங்க ஊருல வீடு பார்க்கறவங்க கதிர் முத்துனப்புறம்ல வந்து பார்க்கணும்."

மே மாதத்தில் பள்ளிக்கூடம் எதிரே வீடு பார்த்த அதே புத்தி! ஜாஃபர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கதை நல்லாருக்கு" என்றார் செம்மொழி. "குரலுக்குச் சொந்தக்காரி எங்கய்யா? உயிரோட இருக்கறதைக் காட்டு."

காத்தான் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அம்சம் எடுத்தார். பூம்புகாரில் அக்கா வீட்டில் இருப்பதாகச் சொன்னார்.

"ஏன் வீட்டை விட்டுப் போனீங்க?" செம்மொழி கேட்டார்.

"நாள் பூரா நான் சாவறதை நானே கேட்டுக்கிட்டு எப்படி மேடம் சோறு திங்கறது? அந்தப் பொட்டியை நிறுத்து, வர்றேன்னு சொன்னேன். இந்த மனுஷன் நெல்லுதான் பெருசுன்னுட்டாரு."

செம்மொழி பெட்டியை ஜீப்பில் ஏற்றினார். ஆள் சாகிற சத்தத்தைப் போட்டு ஊரைப் பீதியாக்குவது குற்றம், சீல் வைத்து ஸ்டேஷனில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். காத்தான் கெஞ்சினார். இன்னும் கொஞ்ச நாளில் அறுப்பு என்றார். ஜாஃபருக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஷமீராவின் பஸ் மன்னார்குடியைத் தாண்டியிருக்கும்.

ஜீப் போனது.

அமைதி. சுத்தமான, பரிசுத்தமான அமைதி! ஜாஃபர் கண்ணை மூடி அதை ரசித்தார்.

"க்யாவ்."

கண்ணைத் திறந்தார்.

மொட்டைமாடிக் கைப்பிடியில் ஒரு மயில்.

"க்யாவ்!" என்று பதில் வந்தது தண்ணீர் டேங்க் மேலிருந்து. அப்புறம் சன்ஷேடிலிருந்து. அப்புறம் காத்தான் வயல் முழுக்க. பெட்டி போன சேதி எப்படித்தான் பரவியதோ, எங்கெங்கோ இருந்த மயில்களெல்லாம் சாயங்காலத்துக்குள் இந்தத் தெருவில் கூடிவிட்டன!

மயில் ஆடிப் பார்த்தவர்கள்தான் அதை அழகு என்பார்கள். பக்கத்தில் நின்று அகவிக் கேட்டவர்கள் காதைத் தேய்த்துக்கொண்டு போவார்கள்.

ஜாஃபர் ஸ்டேஷனுக்குப் போன் செய்து கேஸை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். சீல் வைத்தாகிவிட்டது, இனி கோர்ட்டில் பேசிக்கொள்ளுங்கள் என்றார் மதிவாணன். வாய்க்கால் கோபம் அவருக்கு.

வாசலில் ஆட்டோ நின்றது.

ஷமீரா இறங்கினாள்.

"க்யாவ்! க்யாவ்! க்யாவ்!"

அவள் மாடியைப் பார்த்தாள். டேங்கைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். ஜாஃபர் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார்.

கையிலிருந்த பெட்டியை ஷமீரா கீழே வைத்தாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்த ஜாஃபர் ஆட்டோவுக்குக் குறுக்கே போய் நின்றார்.

அவள் போகவில்லை. வாயைத் திறந்தாள்.

"ஏங்க இப்படி என்னைக் கொல்றீங்க? கல்யாணமான நாள்லேர்ந்து கொல்றீங்களே! கொல்றாரே... இந்த மனுஷன் என்னைக் கொல்றாரே!"

இன்னும் என்னென்னவோ கத்தினாள். அவர் ஷார்ஜா போனது, வராதது, வந்தது எல்லாம் அதில் இருந்தது. அவள் குரல் வயலைத் தாண்டி ஆற்றுக்கு அந்தக் கரையில் மோதித் திரும்பியது.

கடைசியில் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

ஒரு மயில்கூட இல்லை!

"மன்னிச்சுக்க ஷமீரா. வேற வீடு பார்க்கறேன்" என்றார் ஜாஃபர். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

ஷமீரா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி அழுத்திப் பார்த்தாள்.

"வலியைக் காணோங்க" என்றாள்.

"என்னது?"

"இத்தனை வருஷமா உங்ககிட்ட ஒரு தடவையாச்சும் கத்தணும்னு இருந்துச்சு. கடைத்தெரு வீட்டுல கத்துனா அக்கம்பக்கம் சிரிக்குமேன்னு வாயைப் பொத்திக்கிட்டே இருந்தேன். இங்க யாரு இருக்கா கேக்கறதுக்கு? நல்ல வீடுங்க. எங்க படுக்கறது?"

போய்ப் படுத்தாள். தூங்கியும்விட்டாள்.

வாசலுக்கு வந்த ஜாஃபர் வரப்பைப் பார்த்தார். காத்தான் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"பாய், முழுசா ரெக்கார்டு ஆயிடுச்சு. அம்சம் குரலெல்லாம் இதுக்குக் கால் தூசு. வேற பொட்டி வாங்கிப் போட்டுக்கவா?"

ஜாஃபர் ஆகாயத்தைப் பார்த்தார். தூரத்து மரத்தில் ஒரு மயில் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"போட்டுக்குங்க" என்றார்.

*

விடிந்து, வெயிலும் ஏறியது.

"கொல்றாரே... இந்த மனுஷன் என்னைக் கொல்றாரே!"

கொட்டகையிலிருந்து ஷமீரா பத்தாவது தடவையாகக் கதறினாள். ஜாஃபர் பதறிப்போய் படுக்கையறையை எட்டிப் பார்த்தார். நிஜ ஷமீரா நல்ல தூக்கத்தில் இருந்தாள். தான் தூங்கும்போதும் தன் சார்பில் யாரோ புருஷனைத் திட்டுகிறார்கள் என்கிற திருப்தி முகத்தில் தெரிந்தது.

வாசலில் பிரேக் போடும் சத்தம்.

மறுபடியும் ஜீப்!

செம்மொழி இறங்கினார். மதிவாணன் இறங்கினார், வாய்க்காலிலிருந்து தள்ளியே நின்றார். மூன்றாவதாக ஒரு பெண்மணி பையும் கையுமாக இறங்கினார்.

அம்சம்.

பெட்டியைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது என்று நிம்மதியாக முதல் பஸ்ஸில் ஊர் திரும்பியவர், புருஷனின் வயலிலிருந்து வேறொரு பெண்ணின் குரலைக் கேட்டிருக்கிறார். வந்த காலோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

"நான் நாலு நாள் இல்லேன்னதும் வேற ஒருத்தி கத்துறா மேடம்" என்றார். அவர் குரலில் கொலைப் பயத்தைவிட வேறு ஏதோ அதிகமாக இருந்தது.

காத்தான் வரப்பிலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். அது பாய் வீட்டு அக்கா குரல், வெறும் பதிவுதான் என்று அங்கிருந்தே கத்தினார்.

செம்மொழி ஜாஃபர் பக்கம் திரும்பினார். பார்வை ஊசியாகக் குத்தியது.

"நேத்து நீங்க புகார் குடுத்தவர். இன்னைக்கு உங்க வீட்டம்மாவையே யாரோ கொல்றாங்க. கொல்றது நீங்கதான்னு அந்தம்மாவே சொல்லுது."

"பதிவு மேடம்... வெறும் பதிவு."

"அப்ப ஆளைக் காட்டுங்க. இப்பவே எழுப்பிக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா கொலைக் கேஸ்ல உள்ள தள்ளிடுவேன்."

ஜாஃபர் சாதிக் படுக்கையறைக் கதவைப் பார்த்தார். உள்ளே ஷமீரா சீராக மூச்சு விடும் சத்தம் கேட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் தூங்குகிற தூக்கம்.

அவர் செருப்பை மாட்டினார். கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். தானாகவே போய் ஜீப்பின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"கொன்னுட்டேன்னே எழுதிக்குங்க மேடம். ஆனா ஜீப்பை மட்டும் கொஞ்ச தூரம் தள்ளிட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க!"