முதல் வரிசை

"கீழே சத்தம், நான்தான் முதல்ல கேட்டேன்—"

"யார் கேட்டா என்ன, தள்ளுக்கா, செருப்பை மாட்டணும்—"

"எப்பவும் நீதானே வேடிக்கை பார்க்க ஓடுவ! போன மாசம் பஸ் கவிழ்ந்தப்ப ஒரு வாரம் உனக்கு நாற்காலி போட்டுக் கதை கேட்டாங்க. நான் ஒருத்தி இருக்கேன்னு யாராவது திரும்பிப் பார்த்தாங்களா?"

"உனக்குச் சொல்லத் தெரியலை. அதுக்கு நான் என்ன பண்றது?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. இருவரும் அந்த மாடியறையில் துணி தைத்துப் பிழைப்பவர்கள். சுவரோரத்து மெஷின் அக்காவுக்கு. பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க வெளிச்சம் வேண்டுமென்று ஜன்னல் தங்கைக்கு. ஜன்னலோடு தெருவும் அவளுக்கே போய்விட்டது.

சற்று முன் கீழே ஏராளமான செருப்புகள் தரையில் தேயும் சத்தம் வந்து நின்றது. பிறகு பேச்சில்லை, இருமல்கூட இல்லை. கூட்டம் கூடினால் இப்படியா இருக்கும்?

தங்கை செருப்பு வாரை மாட்டக் குனிந்த நொடியில் அக்கா வெளியேறி, கதவைச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"அக்கா! விளையாடாதே!"

ஒருநாளாவது நான் பார்க்கிறேன், நான் சொல்கிறேன் என்று முணுமுணுத்தபடி, மெஷின் எண்ணெய் பிசுபிசுத்த விரலால் சுவரைத் தடவித் தடவிப் படியிறங்கினாள். இறங்க இறங்க, நெடுநாள் பூட்டிய பெட்டியைத் திறந்தாற்போல் ஒரு வாடை ஏறி வந்தது.

தெரு மங்கியிருந்தது. வாசலை நோக்கி நெருக்கியடித்த கூட்டம். தெரிந்த முகம் ஒன்றுமில்லை. எல்லாக் கழுத்தும் மேல்நோக்கி.

"என்னங்க ஆச்சு?"

"இன்னும் ஆகலை" என்றார் ஒருவர், தலையைத் தாழ்த்தாமலே. "வாங்க. உங்களுக்குத்தான் முன்னாடி இடம் வெச்சிருக்கோம்."

கூட்டம் விலகியது. வாழ்வில் முதன்முறையாக அவளுக்காக விலகியது. பெருமையாகக்கூட இருந்தது. முதல் வரிசையில் நின்று திரும்பி, நிமிர்ந்தாள்.

அவர்கள் வீட்டு ஜன்னல். கம்பியைப் பிடித்தபடி தங்கை.

அவள் தோளுக்கு மேல் இன்னொரு கழுத்து. நீளமான கழுத்து. வேடிக்கை பார்ப்பவரைப் போல எட்டி எட்டி நீண்டது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் இருட்டு.

தாழ்ப்பாள்.

ஓடப் பார்த்தாள். பின்னால் தோளோடு தோள். இடைவெளி இல்லை. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இப்போது அங்கே ஒருவருக்கும் வரவில்லை.

தங்கை மட்டும் பேசினாள்.

"எல்லாரும் ஏன் இங்கேயே பார்க்கிறாங்க? அங்கேர்ந்து என்ன தெரியுது? இந்தத் தடவை நீயே சொல்லுக்கா!"