இரண்டு திரைகளுக்கு நடுவே ஒரு நிலையம்

சுரங்கத்துக்குள் போன வண்டி வெளியே வரவில்லை.

இடது திரையில் கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மறைந்து மூன்று நிமிஷம் ஆகியிருந்தது. ஐந்து விநாடியில் அது வலது திரையின் சுரங்க வாயிலில் தலைகாட்டியிருக்க வேண்டும். அங்கே காலித் தண்டவாளமும் ஆடாத மரங்களும்தான் இருந்தன. மேஜைமேல் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதில் வெறும் சுவர் தெரிந்தது. அவன் கண் என்னவோ திரும்பத் திரும்ப அந்தச் சுவருக்கே போனது.

மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பிய மனைவி கதவருகே நின்றாள். மூன்று வருஷமாக அவள் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை.

"என்ன, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"போன வண்டி வரல. உன் தம்பி பேச்சைக் கேட்டு ரூட்டை ரெண்டா வெட்டினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"போன வாரம் வரைக்கும் 'என் மச்சான் மாதிரி உண்டா'ன்னீங்க. வண்டி நின்னதும் என் தம்பி ஆயிட்டானா?" சிரிக்கத்தான் பார்த்தாள். பிறகு குரல் இறங்கியது. "நாலு பத்து வண்டியா?"

"ம்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டபோது, வலது திரையில் வண்டி வெளியே வந்தது. ஆறு நிமிஷம் நாற்பது விநாடி.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளில் நடுவழியில் நின்றுபோகிற லிஃப்டைக் கீழே கொண்டுவருவது அவன் பிழைப்பு. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம், ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு தம்பதியைப் பத்திரமாக இறக்கிவிட்டு வருவதற்குள் பத்தொன்பது நிமிஷம் போய்விட்டது. பள்ளிக்கூடம் விடுவது நாலு பத்துக்கு. அவன் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் எல்லாருக்கும் அவள் வாலு. "அப்பா வர்ற வரைக்கும் கேட்டை விட்டு நகரக் கூடாது" என்று தினமும் சொல்லித்தான் அனுப்புவான். பதினெட்டு நிமிஷம் நின்றாள், பாவம். பத்தொன்பதாவது நிமிஷம், எதிர்ச்சாரியில் அப்பா வண்டி மாதிரி ஒன்று தெரிந்ததாம். சாலையில் இறங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் இந்த ரயில் விளையாட்டு. கம்ப்யூட்டருக்குள் தண்டவாளம் போட்டு, மலை எழுப்பி, பாலம் கட்டி, முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு பாதை. அதன் நடுவில் ஒரு சின்ன நிலையம். அங்கே பெஞ்சில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமி பொம்மை. தினமும் நாலு பத்துக்கு அவன் அங்கே வண்டியை நிறுத்துவான். இரண்டு தடவை ஹாரன் அடிப்பான். நாற்பது விநாடி நிற்பான். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூடத் தாமதமில்லை. பைத்தியக்காரத்தனம்தான். அதை விட்டால் அவனுக்கு வேறு கதி இல்லை.

பாதை வளர வளரக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வண்டி விட்டு விட்டுத் தாவியது. மச்சான்தான் வழி சொன்னான்: பாதையை இரண்டாக வெட்டி, ஆளுக்கொரு பாதியாக இரண்டு கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டின இடத்தில் இரண்டு பக்கமும் சுரங்க வாயில் மாதிரி ஒரு போர்ட்டல் வைத்துவிட வேண்டும். இங்கே நுழையும் வண்டி அங்கே வெளிவரும். பத்து நாளைக்கு முன் ராவோடு ராவாக உட்கார்ந்து வெட்டினான். ஒரு சரக்கு வண்டியை விட்டுப் பார்த்தான். ஐந்தே விநாடி. மறுநாளே வெளியூரில் ஒரு புதுக் கட்டடத்து வேலை வந்தது. நாலு பத்து வண்டி தவறக் கூடாதே என்று அதைத் தானாக ஓடும்படி வைத்துவிட்டுப் போனான். ஓட்டுநர் பெயர் என்ன என்று விளையாட்டு கேட்டது. 'அப்பா' என்று அடித்தான். வேறென்ன அடிப்பான்?

இன்று காலைதான் திரும்பி வந்திருந்தான். இப்போது மச்சானுக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னான்.

"மாமா, அந்தப் பக்கம் லைன்ல வேற வண்டி நின்னா லேட்டாகும்."

"ஒண்ணும் நிக்கல."

"அப்போ லேட்டாக சான்ஸே இல்ல. இங்க நுழையற வண்டியை கம்ப்யூட்டர் அழிச்சிடும், அங்க புதுசா ஒண்ணு உண்டாக்கும். நடுவுல ஒண்ணுமே கிடையாது."

"ஆறு நிமிஷம் நாப்பது செகண்ட் அது எங்க இருந்துச்சு?"

"எங்கயும் இல்ல மாமா. அதான் சொல்றேனே." மச்சான் கொஞ்சம் யோசித்தான். "வெட்டும்போது ரெண்டு பாதியிலயும் பொதுவா ஒரு துண்டு இருக்கும்ல? அதை ஒரு பக்கம் மட்டும்தானே அழிச்சீங்க?"

ஃபோனை வைத்துவிட்டு வரைபடத்தைத் திறந்தான். இடது பாதியில் அந்தத் துண்டு இல்லை. வலதில் இருக்கிறதே என்று அழித்தது ஞாபகம் இருந்தது. வலதைத் திறந்தான். அங்கும் இல்லை. இடதில் இருக்கிறதே என்று தூக்கக் கலக்கத்தில் அதையும் அழித்திருக்கிறான். பழைய நகலின் மேலேயே புதியதைச் சேமித்தும் விட்டான். இரண்டு வரைபடத்திலும் அந்த இடத்தில் தரைகூடப் போடாத சாம்பல் நிறம். பாலம் இல்லை. வளைவு இல்லை. நிலையம் இல்லை. பெஞ்சு இல்லை.

அடப்பாவி, உன் கையாலேயே அழித்தாயா? தலையில் அடித்துக்கொண்டான். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு தடவை போனவளை மறுபடியும் போகவிட்டுவிட்டான்.

அழுது முடிந்த பிறகுதான் அந்தக் கணக்கு உறைத்தது. பாதையை வெட்டுவதற்கு முன் அந்தத் துண்டைக் கடக்க வண்டி எடுத்துக்கொண்ட நேரம் ஆறு நிமிஷம். நிலையத்தில் நிற்பது நாற்பது விநாடி.

இல்லாத நிலையத்தில் வண்டி நின்று வருகிறது.

வண்டியைத் திரும்ப முதலிலிருந்து கிளப்பினான். இந்தத் தடவை தானாக ஓட விடவில்லை. ஓட்டுநர் இருக்கைப் பார்வையில் தானே ஓட்டினான். ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்ததால் அறை மங்கலாக இருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள், பக்கத்து வீட்டில் குழாய் திறந்து பாத்திரத்தில் தண்ணீர் விழுந்தது, மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிரீச்சென்றது. சுரங்க வாய் திரை முழுவதும் பெரிதாகிக்கொண்டே வந்து அவனை விழுங்கியது. இடது திரை கறுத்தது. வலது திரையில் யாருமில்லை.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. சக்கரங்கள் தடதடத்தன. பாலத்தின் வெற்றோசை வந்தது, பிறகு வளைவில் இரும்பு உரசும் முனகல். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவனுக்கு இந்த வழி தெரியும். சத்தத்தை வைத்தே பிரேக் போட்டான்.

வண்டி நின்றது.

கதவுகள் திறக்கும் ஓசை. அது ஒலிபெருக்கியிலிருந்து வரவில்லை. இரண்டு திரைகளுக்கும் நடுவிலிருந்து வந்தது. அந்த ஒரு சாண் சுவரிலிருந்து. கூடவே ஒரு வாசனை. சீவின பென்சில், நனைந்த புத்தகப் பை, வியர்த்த சின்னத் தலை. மூன்று வருஷமாக அவன் தேடிய வாசனை.

செருப்புச் சத்தம். சின்னச் செருப்பு. இந்த விளையாட்டில் காலடி ஓசையே கிடையாது.

"யாரோ வந்திருக்காங்கப்பா."

வாலுவின் குரல். "வாலு! நான்தான்டா! அப்பா வந்துட்டேன்!" என்று திரையைப் பிடித்துக்கொண்டு கத்தினான். அவன் குரல் அறைக்குள்ளேயே முட்டித் திரும்பியது. ஹாரனை அழுத்தினான். இரண்டு தடவை.

செருப்புச் சத்தம் ஒரு அடி பின்வாங்கியது.

"அது நம்ம வண்டி இல்லல்லப்பா?"

அவள் அவனிடம் பேசவில்லை. பக்கத்தில் யாரிடமோ பேசினாள். அந்த யாரோ பதில் சொன்னது. அவனுடைய குரலில். அதே கரகரப்பு. கொஞ்சுவதும் அதேதான்.

"இல்லடா கண்ணு. அப்பாதான் பத்து நாளா தினம் வர்றேனே. போலாமா?"

"போலாம்ப்பா."

கதவுகள் சாத்திக்கொண்டன. அவன் எந்த விசையையும் தொடவில்லை. வண்டி நகர்ந்தது. பின்னோக்கும் விசையை அழுத்தினான். பிரேக் போட்டான். எதற்கும் வண்டி கட்டுப்படவில்லை. முனகல், தடதடப்பு. பிறகு வெளிச்சம். வலது திரையில் அவன் வண்டி வெளியே வந்து நின்றது. பெட்டிகள் எல்லாம் காலி.

அதற்குப் பின்னாலேயே சுரங்கத்திலிருந்து இன்னொரு வண்டி வந்தது.

அவன் அனுப்பாத வண்டி. பக்கத்துத் தண்டவாளத்தில், அவசரமே இல்லாமல், அவனைக் கடந்து போக ஆரம்பித்தது. ஒரு பெட்டி. இரண்டு பெட்டி. எல்லாம் இருட்டு. மூன்றாவதில் ஒரே ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது. அங்கே வாலு. உட்காரவைத்த பொம்மை இல்லை. வாலு. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள், தெருவில் போகிற யாரையோ பார்ப்பதுபோல. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஹாரனை அழுத்தினான். விரலை எடுக்கவே இல்லை. "இறங்குடி! அது நான் இல்லடி! வாலு!"

வண்டி கடைசி நிலையத்தைத் தாண்டியது. அதற்கு மேல் அவன் எதுவும் கட்டவில்லை. தண்டவாளம் முடிந்தது. வண்டி முடியவில்லை. ஒன்றுமில்லாத சாம்பலுக்குள், அதே நிதானத்தில், போய்க்கொண்டே இருந்தது.

அந்த ஒரு ஜன்னல் மட்டும் தெரிந்தது. அவள் ஒரு தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். ஒரு கை அவள் தலையை வருடிக்கொண்டிருந்தது. தோளுக்கு மேலே முகம் இருக்கவில்லை.