பலகைச் சுவரின் அந்தப் பக்கம்

அக்டோபர் 1983. காலை எட்டு மணி.

குரங்கணிக்கு மேலே, ராணுவ முகாம். வாடகைக்கு எடுத்த ஏலக்காய் ஸ்டோரின் ஒரு பாதிதான் காவல் அறை. மறுபாதியில் எஸ்டேட் மேஸ்திரி சோலைமலை காயை உலர்த்தி மூட்டை கட்டுவார். நடுவே பலகைச் சுவர்.

ஹவில்தார் ராஜாராம் பூட்டைத் திறந்தார். கைதி செல்லக்கிளி கட்டிலில் இருந்தாள். டாக்டர் கொடுத்த மருந்துப் பெட்டியைக் காணோம்.

ராணுவத்துக்கு அவள் சிப்பாய் செல்லையா. விடுப்பில் போனவள் பெண்ணாக மாற அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். படைக்குத் திரும்பவில்லை. போடியில் பிடிபட்டாள். புண் இன்னும் ஆறவில்லை.

அவளே வீசிவிட்டாள் என்று கேப்டனுக்குக் கோபம். "மருந்த வீசுறவனுக்கு மருந்து எதுக்கு? இனி டாக்டர் வேண்டாம். பதினோரு மணிக்கு ஜீப்புல மதுரைக்கு ஏத்துங்க."

ஒன்பது மணிக்கு செல்லக்கிளியின் வக்கீல் சந்திரவல்லி போடியிலிருந்து வந்து இறங்கினார். ஸ்டோர் வாசலில் சோலைமலை ஹவில்தாரின் பீடியைப் பிடுங்கி அணைத்துக்கொண்டிருந்தார். "தள்ளிப் போய்க் குடிங்கண்ணே!"

சந்திரவல்லி நேராகக் கேப்டனிடம் போனார். "காவல்ல இருக்கிறவங்களுக்கு வைத்தியம் பாக்குறது உங்க கடமை, சலுகை இல்ல. வீசியிருந்தாலும் மறுபடி குடுத்துத்தான் ஆகணும்."

"கோர்ட்டுக்குப் போங்க."

ஐகோர்ட்டு சென்னையில் இருந்தது. புண் இங்கே இருந்தது. சந்திரவல்லி காவல் அறைக்குள் நுழைந்தார்.

"பெட்டிய எங்க வச்ச கிளி?"

"செவுத்துல தட்டு தட்டா அடுக்கு இருக்குல்லக்கா, அதுல."

"உள்ள என்ன?"

"களிம்பு, பஞ்சு, புண்ணுக்குத் தூவுற பொடி. யப்பா, பொடி நாத்தம் கொடலப் புடுங்கும். எலிகூட எட்டிப் பாக்கல."

"ராத்திரி யாரு வந்தா?"

"அண்ணன் கொறட்டைதான் வந்துச்சு."

"டேய்!" என்றார் ராஜாராம்.

"'அடியே'ன்னு சொல்லுங்கண்ணே."

சந்திரவல்லிக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னலைப் பார்த்தார். கம்பிவலை. பெட்டி நுழையாது. அடுக்கைப் பார்த்தார். அடுக்குத் தூசியில் தட்டு இழுபட்ட தடம் அறைப் பக்கம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

கேப்டனை அழைத்துக்கொண்டு மறுபாதிக்குப் போனார்.

"மேஸ்திரி, பெட்டிய எங்க வச்சிருக்கீங்க?"

சோலைமலை கையிலிருந்த முறம் நழுவியது.

"இது காய் உலர்த்துற பழைய அடுக்கு, கேப்டன். தட்ட ரெண்டு பக்கமும் இழுக்கலாம். பூட்டத் தொடவே வேண்டாம். பீடிப் புகையே ஆகாதவரு அந்தப் பொடிய விடுவாரா? ஏலக்காய் பக்கத்துல இருக்கிற வாசனையெல்லாம் இழுத்துக்கும். போடிக்காரிக்குத் தெரியாதா?"

"பூச்சி மருந்துன்னு நெனச்சேன் தாயி!" சோலைமலை தலையில் அடித்துக்கொண்டார். "காயில நாத்தம் ஏறுனா யாவாரி மோந்து பாத்துட்டு ஓடிருவான். மாட்டுக் கொட்டத்துல பத்திரமா வச்சிருக்கேன். புண்ணு மருந்துன்னு சத்தியமாத் தெரியாது." எடுத்துவர ஓடினார்.

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். "நான் விசாரிச்சிருக்கணும்."

"இப்ப மருந்து போடுங்க. போதும்."

"ராஜாராம், மதுரை வேண்டாம். புண் ஆறுற வரைக்கும் போடி ஆஸ்பத்திரி. தெனமும் டாக்டர் பாக்கட்டும்."

ஜீப்பு உறுமியது. செல்லக்கிளி சேலையை இழுத்துச் செருகி முன்சீட்டில் ஏறினாள். ஹவில்தார் தயங்கினார்.

"எந்த வார்டுன்னு கேப்பாங்களே... என்னம்மா சொல்ல?"

"பொம்பளையாளுக வார்டுண்ணே. ஃபேன் ஓடுற கட்டிலாப் பாத்துச் சொல்லுங்க."