டவர் இல்லாத மூன்று நாள்

தென்பெண்ணை ஆறு கரையை உடைத்துக்கொண்டு குருவிநத்தத்துக்குள் புகுந்த மறுநாள் காலை, மாடிக்கு மாடி கூவிக் கூவி ஒரு சேதி பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

“ஷரீப் பாய் வூட்ல மாட்டுக்கு இரை இல்லியாம்!”

வெள்ள முகாமாகிவிட்ட பள்ளியில் தங்கியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மளிகைக்கடை ஷரீப் பாயிடம் ஏது மாடு?

அர்ச்சனாவும் சிரித்தாள். பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். ஷைஸ்தா சிரிக்கவில்லை.

“மாடு இல்லடி,” என்றாள் ஷைஸ்தா மெதுவாக. “மாத்திரை. நன்னாவுக்கு மாத்திரை இல்ல.”

அர்ச்சனா சிரிப்பை நிறுத்தினாள்.

இருவரும் ஏழாம் வகுப்பு. நன்னா என்பது ஷைஸ்தாவின் அம்மாவைப் பெற்ற தாத்தா. இதய நோயாளி, ஒரு மாதமாகப் படுக்கையில் இருந்தார். வெள்ளம் வந்தபோது பெண்களையும் பிள்ளைகளையும் முதலில் படகில் ஏற்றினார்கள். நன்னாவை அந்த இழுப்பில் தூக்கிவர முடியவில்லை. ஷைஸ்தாவின் அத்தா, அதாவது அப்பா ஷரீப், அவரோடு மாடி அறையிலேயே தங்கிவிட்டார். அந்த வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு தெரு முழுக்கத் தண்ணீர். செல்போன் டவரும் செத்துக் கிடந்தது.

ஷைஸ்தாவின் அம்மா தாஜ் நிஷா முகாம் நர்சிடம் ஓடினார்.

“இன்னா மாத்திரைன்னு பேரு வேணுமே,” என்றார் நர்ஸ். “தப்பா குடுத்துட்டா ஆபத்து. டாக்டர் சீட்டு இருக்கா?”

“சீட்டு அவருகிட்ட இருக்கு.”

“அப்ப பேரைக் கூவச் சொல்லுங்க.”

அர்ச்சனா தலையை ஆட்டினாள். “மாத்திரையே மாடு ஆயிடுச்சு. இங்கிலீஷ் பேரு இன்னா ஆவுமோ?”

அப்போதுதான் அவளுக்குப் பள்ளி அறிவியல் கண்காட்சி ஞாபகம் வந்தது. அவளும் ஷைஸ்தாவும் ஒரு ஆப்பைச் செய்துகாட்டியிருந்தார்கள். அதில் அனுப்பும் சேதிக்கு டவர் வேண்டாம், நெட்டும் வேண்டாம். பக்கத்தில் உள்ள போனுக்கு ப்ளூடூத்தில் தாவும். அங்கிருந்து அடுத்த போனுக்கு. இப்படியே போய், யாருக்கு அனுப்பினோமோ அவர் போனில் மட்டும் திறக்கும். நடுவில் இருக்கும் போன்கள் சேதியைச் சுமக்கும், படிக்க முடியாது. செய்துகாட்டுவதற்காகத் தெருவில் பதினொரு வீட்டுப் போன்களில் அதைப் போட்டிருந்தார்கள்.

“டவர் இருக்கும்போது இது எதுக்கும்மா?” என்று கேட்டுவிட்டு நடுவர் போய்விட்டார். பரிசும் கிடைக்கவில்லை.

அர்ச்சனா தன் அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். எதிரே முதல் வீட்டு மாடியில் இருசப்பன் நின்றிருந்தார். தெருவிலேயே பெரிய குரல் அவருக்குத்தான்.

“சித்தப்பா! எல்லாரையும் போனைத் தொறக்கச் சொல்லுங்க! கண்காட்சிக்குப் போட்டுக் குடுத்தோமே, அந்த ஆப்பு!”

“இன்னாது, சோப்பா?”

“ஆப்பு! ஆப்பு!”

மூன்றாவது தடவைதான் அவருக்குப் புரிந்தது. அவர் கூவினார். மாடி மாடியாகப் போன்கள் விழித்தன. ஆனால் திரையில் இருசப்பன் பெயர் தெரியவே இல்லை. பள்ளி மாடிக்கும் அவர் வீட்டுக்கும் இடைவெளி அதிகம். நாற்பது மீட்டரைத் தாண்டினால் தாவாது.

பள்ளிச் சுவரின் கடைசி மூலையில், தெருவை ஒட்டி மதிய உணவுக் கூடம் இருந்தது. அதன் தாழ்வாரத்தில் கணுக்காலளவு தண்ணீர்தான். அம்மாவிடம் சொல்லிவிட்டு, போனை பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு அர்ச்சனா அங்கே போய் நின்றாள். ஷைஸ்தா தன் அம்மாவின் போனோடு பள்ளி மாடியில் நின்றாள்.

இருசப்பன் பெயர் பச்சையாக மின்னியது. மாத்திரைப் பெயரைக் கேட்டு ஷைஸ்தா அத்தாவுக்குச் சேதி அனுப்பினாள்.

கால்மணி நேரத்தில் மாடியிலிருந்து ஒரு கத்தல். “வந்துடுச்சு! அத்தா சீட்டையே படம் புடிச்சு அனுப்பிட்டாரு!”

மதியம் தீயணைப்புப் படகு வந்தது. நர்ஸ் மாத்திரையோடு அதில் போனார். திரும்பி வந்ததும், “மாத்திரை குடுத்திருக்கேன். ரொம்ப சோர்வா இருக்காரு. நாளைக்குப் பெரிய படகு வந்தாதான் தூக்க முடியும்,” என்றார்.

அன்று மாலைக்குள் இன்னொரு கஷ்டம் வந்தது. எல்லாப் போனிலும் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. ஒன்று அணைந்தாலும் தெரு இரண்டாக அறுந்துவிடும். அர்ச்சனா யோசித்து எல்லாருக்கும் ஒரு சேதி அனுப்பினாள்.

“காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நாலு. பத்து நிமிஷம் மட்டும் போனைத் தொறங்க. மத்த நேரம் அணைச்சு வைங்க.”

மூன்றாம் நாள் காலை எட்டு மணி. தாழ்வாரத்தில் நின்று அர்ச்சனா போனைத் திறந்தாள். மழை விட்டிருந்தது. ஒரு சேதி வந்தது, உடனே தாவிப் போனது. ‘ஒரு சேதி கடந்தது’ என்று மட்டும் திரை சொன்னது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததே என்று அவளுக்குச் சந்தோஷம்.

மாடியிலிருந்து தாஜ் நிஷாவின் அழுகுரல் கேட்டது.

அர்ச்சனா ஓடிப்போய்ப் பார்த்தபோது ஷைஸ்தா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷரீப் எழுதியிருந்தார்: “தாஜ், மாமா விடிகாலைல மவுத்தாயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க. நான் கையப் புடிச்சிட்டுதான் இருந்தேன்.”

அர்ச்சனா தோழியின் தோளைத் தொட்டாள். ஷைஸ்தா கையைத் தட்டிவிட்டாள்.

“இதை ஏன்டி கொண்டாந்தே?”

அர்ச்சனா கையை இழுத்துக்கொண்டாள். இறங்கிப்போய்த் தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து அழுதாள். தன் கையிலிருந்த போனைத் தாண்டித்தானே அந்தச் சேதி போனது! தான் நிற்காமல் இருந்திருந்தால்? நன்னா அப்போதும் போயிருப்பார். அங்கே ஷரீப் மாமா மட்டும் தனியாக அழுதுகொண்டிருப்பார். இங்கே ஷைஸ்தா மாத்திரையை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எது நல்லது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு யாரோ வரும் சத்தம் கேட்டது. ஷைஸ்தா. கண்கள் வீங்கியிருந்தன.

“அத்தாவுக்குப் பதில் போடணும். நீ இங்க நிப்பியா?”

“நிக்கிறேன்.”

“காலைல கோவத்துல...”

“பரவால்லடி.”

ஷைஸ்தா அங்கேயே நின்று எழுதினாள். அர்ச்சனா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். ஆனால் ஷைஸ்தாவே படித்துக்காட்டினாள்: “அத்தா, நீங்க அழாதீங்க. நன்னா பக்கத்துலயே இருங்க. நாங்க வர்றோம்.”

சரியாகப் பன்னிரண்டுக்கு இருசப்பன் மாடியில் போனை உயர்த்திப் பிடித்தார். அடுத்த மாடியில் கனகாம்பாள். அதற்கடுத்து இன்னொரு கை. யாருடைய சேதி என்று அவர்களுக்குத் தெரியாது. பத்து நிமிடமும் யாரும் கையை இறக்கவில்லை.

மூன்று மணிக்குப் பெரிய படகு வந்து தாஜ் நிஷாவையும் ஷைஸ்தாவையும் ஏற்றிக்கொண்டு போனது. படகு திரும்பி மறையும்வரை ஷைஸ்தா பள்ளிக்கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு அர்ச்சனா மறுபடி தாழ்வாரத்தில் நின்றாள். போனில் நான்கு சதவீதம் சார்ஜ். ஒரு சேதி வந்தது. இந்தத் தடவை அது தாவிப் போகவில்லை. அவளுக்காகவே வந்த சேதி.

“நன்னா முகத்தைப் பாத்துட்டேன். தூங்குற மாதிரிதான் இருக்காங்க. நீ அங்க இருக்கியா?”

“இருக்கேன்,” என்று அர்ச்சனா அனுப்பினாள்.

பத்து நிமிடம் முடிந்தது. போனை அணைத்துப் பைக்குள் சுற்றினாள். அதற்குப் பிறகும் ரொம்ப நேரம் அந்த வீட்டுப் பக்கம் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.